ஆபீசுக்குப் போகிற சட்டை

ரெடிமேட் சட்டை தைக்கும் இசக்கியம்மாளின் மகள் சுந்தரேஸ்வரி கல்லூரியில் நாடகக்கலை படிக்கிறாள். கல்லூரி நாடகத்தில், வறட்சி நிவாரணம் கேட்டு ஆபீசில் நிற்கும் சம்சாரி என்கிற விவசாயி வேடத்துக்கு உடை அவள் பொறுப்பு. புதுச் சட்டையைக் கரிசல் மண்ணில் புரட்டி, கல்லில் தேய்த்துக் கிழித்து, வீட்டுக் கொடியில் போட்டிருந்தாள். அழுக்காக்குவதற்கும் அந்தப் படிப்பில் மார்க் உண்டு.

நாடகத்தன்று காலையில் பார்த்தால், அம்மா அதைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, இஸ்திரியும் போட்டு வைத்திருக்கிறாள்.

“கெடுத்துட்டியேம்மா! ஆபீசுக்குப் போற சம்சாரி போடுத சட்டை இது.”

“ஏட்டி, ஒங்கய்யா நிவாரணம் கேட்டு ஆபீசுக்குப் போகும்போது அழுக்குச் சட்டையா போட்டுட்டுப் போறாவ?”

சுந்தரேஸ்வரி சட்டையை மடிப்புக் கலையாமல் பையில் எடுத்து வைத்தாள்.

அன்று மாலை மேடையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல், அதிகாரி முன்னால் சம்சாரி கைகட்டி நின்றார். நாடகம் பார்க்க வந்திருந்த அவளுடைய அய்யா, தன் சட்டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.