அக்கா மானிட்டர் எடுத்த நாள்

எங்கள் ஊர்ப்பக்கம் சேலை எடுக்கப் போகிறவர்கள் கடைக்குள் வைத்து எந்த முடிவும் செய்ய மாட்டார்கள். மனசுக்குப் பிடித்த சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சே. கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். டியூப்லைட் எல்லாச் சேலையையும் அழகாகக் காட்டிவிடும் என்று அவருக்கும் தெரியும். என் அக்கா கம்ப்யூட்டர் மானிட்டரையும் இப்படித்தான் எடுக்கப் போனாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து நடந்தது இது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் நானும் அக்காவும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பிரியாணிக் கடை நோட்டீஸ் எல்லாம் டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். டைப் அடிப்பதும் வாடிக்கையாளர்களோடு சண்டை போடுவதும் என் வேலை. நிறம் முழுக்க அவள் பொறுப்பு. வெங்காயத் தோல் நிறத்திலேயே பல வகை உண்டு என்று கம்ப்யூட்டரில் கலந்து காட்டுவாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். ஆனாலும் "ஆமா ஆமா" என்பேன். அவள் கண்மீது எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் கண்ணுக்கு ஒரு சோதனை வந்தது. சின்னாளப்பட்டி வியாபாரி ஒருவர் தன் சுங்குடிச் சேலைகளுக்கு ஆல்பம் போடச் சொல்லி எங்களிடம் வேலை கொடுத்தார். முதல் பக்கங்கள் அச்சாகி வந்தபோது, அரக்குச் சேலை செங்கல் நிறத்தில் இருந்தது.

"ஒனக்குக் கலர் பாக்கத் தெரியும்னு நம்பிக் குடுத்தேன் தாயி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாவப்பட்டுச் சொன்னார்.

வேலை போய்விடுமே என்று அக்கா கவலைப்படவில்லை. அவளுடைய கவலை வேறு. மார்க்கெட்டில் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏலே, இது ஒனக்கு என்ன செவப்பாத் தெரியுது?" என்று என்னைக் கேட்டாள். என்னை, அதுவும் நிறத்தைப் பற்றி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய மானிட்டர் நீலம் பாரித்துக் கிடந்தது. அதை நம்பி அவள் நீலத்தைக் குறைத்ததால்தான் அரக்கு செங்கல்லாகிவிட்டது என்பது என் கட்சி.

"அப்படின்னு நீ சொல்ற. தப்பு மானிட்டர்லயா, எங்கிட்டயான்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

மறுநாள் அந்தச் சேலையை ஒரு மஞ்சப்பையிலும், அதன் போட்டோவை ஒரு சீடியிலும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். தட்டை மானிட்டர்கள் அப்போதுதான் வந்து பளபளவென்று வரிசையாக நின்றன. எனக்கு அதில் ஒன்றின்மேல் கண். கடைக்காரர் போட்டோவைத் திறந்தார். அக்கா ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை.

"வாசலுக்குக் கொண்டாங்க. வெளிச்சத்துல பாக்கணும்."

அந்த மனிதர் நல்லவர். நீள ஒயர் இழுத்து, மேஜையோடு வாசலில் வைத்தார். வெயிலில் திரையில் தெரிந்தது அக்காவின் முகமும், பின்னால் போன செம்பட்டி பஸ்ஸும்தான். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் இடுப்பில் கை வைத்து யோசித்தாள்.

"சேலை வெளிச்சத்தை வாங்கிக் காட்டுது. இது தானா வெளிச்சம் போடுது. அப்ப இதை இருட்டுல வச்சுத்தான் பாக்கணும்" என்றாள். மானிட்டர் உள்ளே போனது. ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். வாசலோரம் விழுந்த வெளிச்சத்தில் சேலையை விரித்துவிட்டு, அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பு செய்த இடத்திலேயே பாடம் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற அந்தக் குணம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

எனக்குப் பிடித்த மானிட்டரில் உட்கார்ந்து பார்த்தால் அரக்கு, எழுந்து நின்றால் வேறொரு நிறம். "எல்லாச் சேலையையும் மயில்கழுத்து ஆக்கிருது" என்று தள்ளிவிட்டாள். இன்னொன்றில் நிறம் பரவாயில்லை. ஆனால் படத்தை நகர்த்தினால் சேலையின் கரை நிழலாகப் பின்னாலேயே இழுபட்டு வந்தது. "கரையைப் புடிச்சுப் பொருத்துறதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிரும்" என்றாள்.

கடைசியில் மூலையில் கிடந்த பழைய மாதிரி குண்டு மானிட்டரைக் காட்டினாள். "அதை இப்ப யாரும் வாங்குறதில்லக்கா" என்றார் கடைக்காரர். "போடுங்க" என்றாள்.

போட்டார். அரக்கு அரக்காகவே இருந்தது. நகர்த்திய இடத்துக்குக் கரை ஒட்டிக்கொண்டே போனது. அக்கா எழுந்து நின்று பார்த்தாள், பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். பிறகு என் தோளில் ஓர் அடி போட்டாள். "எங்கண்ணு சரியாத்தாண்டா இருக்கு." கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அந்தக் குண்டு மானிட்டரையே வாங்கி வந்து அக்கா ஆல்பத்தைத் திருத்தி முடித்ததும், வியாபாரி அதைப் பார்க்க எங்கள் மாடியறைக்கு வந்தார். சேலைகளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், திரையின் ஓரத்தில் அக்கா சும்மா கலந்து வைத்திருந்த ஒரு நிறத்தில் நின்றுவிட்டார். மாந்தளிரும் இல்லை, வெங்காயத் தோலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

"இது எந்தச் சேலை?"

"சேலை இல்லண்ணே. நானா கலந்தது."

திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "இதை ஒரு தாள்ல அடிச்சுக் குடு தாயி. சாயக்காரர்ட்ட காட்டி நூல் நனைக்கச் சொல்றேன்."

வேறு யாராக இருந்தாலும் உடனே பிரிண்டரைத் தட்டியிருப்பார்கள். அக்கா நாற்காலியில் இருந்து அசையவில்லை. "தாள்ல அடிச்சா மாறிரும்ணே. அவரை இங்க வரச் சொல்லுங்க" என்றாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வியாபாரி சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சின்னாளப்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி, நகக்கண்ணெல்லாம் நீலச் சாயத்தோடு ஒருவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார், என் அக்கா கலந்த நிறத்தைப் பார்க்க.