சுவர் என்று கத்தியவள்

தையல்காரம்மாவுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டாலே நாலடி பின்னால் போய்விடுவாள். ஆனால் மல்லாந்து நீந்துவதில் நாட்டிலேயே முதலாவதாக வந்த மகளின் மண்டை உடையாமல் இருக்கிறதென்றால், அதற்கு அவள்தான் காரணம். மல்லாந்து நீந்துகிறவளுக்குச் சுவர் வருவது தெரியாது. அந்தப் பழைய நீச்சல் குளத்தில் சுவர் நெருங்குவதைக் காட்டத் தலைக்கு மேலே எச்சரிக்கைக் கொடி கட்டும் வழக்கமும் இல்லை. அதனால் விடியற்காலையில் அம்மா குளத்தின் கோடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சரியான நொடியில் "சுவரு!" என்று கத்துவாள். அப்புறம் கடைக்குப் போய்ப் பள்ளிச் சீருடை தைப்பாள். வருஷக்கணக்கில் இதே பிழைப்பு.

அந்த வருஷங்களில் அப்பா போர்வைக்குள் இருந்தார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு நீச்சல்? சளிதான் பிடிக்கும்" என்பதுதான் அவர் கொடுத்த ஒரே பயிற்சி. மெடல் வந்ததும் மனிதர் மாறிவிட்டார்; மகளைப் பழக்கியதே தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நோகாமல் நுங்கு தின்பதற்கும் ஒரு மெடல் உண்டென்றால் அவருக்கே கொடுக்கலாம்.

மகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த இயக்குநர் அவர் மீசையைப் பார்த்ததும் சொக்கிப்போனார். "சார், நீங்கதான் கதையே. அம்மா, நீங்க டீயைக் கொண்டுவந்து வைங்க, அது போதும்."

வைத்தாள். எங்கேயாவது ஓரிடத்தில் தன்னையும் சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

பழைய குளத்தில் படப்பிடிப்பு. கோடியில் உட்கார்ந்து கத்த வேண்டியவர் அப்பா. கேமரா எந்தப் பக்கம் என்று தேடி, மீசையை நீவி, அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் சுவரில் மோதிவிட்டாள். பின்மண்டை புடைத்துவிட்டது.

"அம்மா கத்தட்டும். இல்லேன்னா நான் தண்ணியில இறங்க மாட்டேன்" என்றாள் மகள்.

இயக்குநருக்கா வழி தெரியாது? அப்பாவின் முதுகுக்குப் பின்னால், கேமராவில் விழாதபடி அவளைக் குந்தவைத்தார். அவள் கத்தினாள், அப்பா வாயசைத்தார். மகள் தலை தப்பியது. முகம் இல்லாவிட்டால் போகிறது, குரலாவது இருக்குமே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

படத்தைத் திரையிட்ட அன்று அந்தக் காட்சி வந்தது. ஸ்டுடியோவில் அப்பாவையே பேசவைத்து, அவள் குரலை அழித்திருந்தார்கள். "சுவரு!" கணீரென்று கேட்டது, மகளின் கை சுவரைத் தொட்டு முடித்த பிறகு. அரங்கமே எழுந்து கைதட்டியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படம் எப்படிம்மா?" என்று இயக்குநர் பல்லெல்லாம் தெரியக் கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. இவரு கத்துறதை நம்பி எம்பொண்ணு நீந்தியிருந்தா, தையல் போட்ட மண்டையைத்தான் நீங்க படம் எடுத்திருக்கணும்."