வடையைப் பிட்ட கை

வடை கைக்கு வந்ததும் அய்யாத்துரை அதைத் தின்றுவிட மாட்டார். முதலில் இரண்டாகப் பிட்பார். ஒரு பாதியைக் கடை முன்னால் தொங்கும் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் துருவுவார். அப்புறம் மோந்து பார்ப்பார். செய்தித்தாளில் வைத்து அமுக்கி, எண்ணெய் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று கவனிப்பார். இத்தனையும் முடிந்து, வடை ஆறிச் சவசவத்துப் போன பிறகுதான் வாய்க்குப் போகும். போட்டுக்கொண்டு, "சூடா இல்லியே, ஹெலன்" என்பார்.

திருவேங்கடம் சாலையில் ஹெலன் வடை சுட ஆரம்பித்த நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறாள். எதிர்ச்சாரியில் அவருடைய பம்புசெட், பைப் கடை. ஆரம்பத்தில் அவர் தேடியதெல்லாம் கல்லும் முடியும்தான். அதில் ஹெலனுக்கு வருத்தமில்லை. பருப்பென்றால் கல் அகப்படத்தான் செய்யும். பெரிய போன் வந்த பிறகுதான் அவர் தேடுகிற சாமான்கள் பெருகின. பிளாஸ்டிக், மெழுகு, யூரியா, ரப்பர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது.

அவர் கடை மேசையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். பீடி, சிகரெட் பழக்கம் அவருக்குக் கிடையாது. சப்பாத்தியைக் கொளுத்திப் பார்க்கத்தான் அது. பற்றிக்கொண்டால், "பாத்தியளா, பிளாஸ்டிக் எப்படி எரியுது" என்பார். பற்றாவிட்டால், "பாத்தியளா, எரியவே மாட்டேங்கு. பிளாஸ்டிக்" என்பார். தப்பிக்கிற சப்பாத்தியை இதுவரை யாரும் கண்டதில்லை.

பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் பைப்புக்கு எல்போ வாங்க வந்தால், முதலில் ஒரு வீடியோ பார்த்தாக வேண்டும். தர்பூசணிக்கு ஊசி போடும் கை. வெள்ளையாக ஏதோ ஒன்றை உருக்கித் தண்ணீரில் ஊற்ற, அது சுருண்டு சுருண்டு முட்டைக்கோஸ் ஆகும் அதிசயம். வந்தவர் வாழ்நாளெல்லாம் மண்ணில் பயிர் விளைய வைத்தவர். அவரே, "அப்படியா அண்ணாச்சி!" என்று வாயைப் பிளந்து நின்றுவிட்டு, எல்போவை மறந்து பஸ் ஏறிவிடுவார்.

அதே ஆள் மறுவாரம், வாங்கிப்போன பைப்பில் கீறல் இருக்கிறதென்று தூக்கிக்கொண்டு வந்தால் அய்யாத்துரை அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். "அது அப்படித்தாம்வே வரும். தண்ணி ஓடுனா சரியாயிரும்."

காலையில் குளித்ததும் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகையை நாக்கிலும் போட்டுக்கொள்வார். அடுத்த நிமிடம் இட்லியைப் பிட்டு மோந்து பார்ப்பார். அவர் மனைவி செண்பகவல்லி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"மண்ணை அப்படியே முழுங்குதீய. நான் அவிச்ச இட்லியத்தான் மோந்து பாக்கணுமாக்கும்?"

"அது அம்மன் மண்ணுட்டி. அதுல கலப்படம் பண்ண எவனுக்குத் தைரியம் வரும்?"

"அப்ப எனக்கு அந்தத் தைரியம் இருக்குங்கீய?"

அன்றைக்கு இட்லி மறுபேச்சில்லாமல் உள்ளே போயிற்று. சட்னியை மட்டும் மோந்து பார்த்தார்.

போன ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த வாரத்தில் அவர் போனுக்கு அந்த வீடியோ வந்தது. ஒரு கை வடையைப் பிட்கிறது. ஒரு பாதியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறது. உள்ளே வெள்ளை வெள்ளையாக, கொழுத்த புழுக்கள் தலையை நீட்டி நெளிகின்றன. கீழே சிவப்பு எழுத்தில், "உங்கள் ஊரிலும் நடக்கலாம்."

அய்யாத்துரை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விரலால் விரித்துப் பெரிதாக்கினார். பின்னால் தெரிந்த நீலத் தார்ப்பாயைக் கண்டுபிடித்தார். ஒரு பக்கம் நசுங்கிய அலுமினியத் தட்டைக் கண்டுபிடித்தார். எண்ணெய் டின்னில் கட்டியிருந்த சணல் கயிற்றைக்கூடக் கண்டுபிடித்தார். உடனே, தான் நடத்தும் 'நலமுடன் வாழ்வோம்' வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். "மக்களே, இது வேற எங்கனயும் இல்ல. நம்ம ஹெலன் கடைதான். நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

அன்றைக்கு அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சூடாக இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்.

மறுநாள் மாலை டியூஷன் சென்டரிலிருந்து வடை வேண்டாம் என்றார்கள். பேங்க்காரர்கள் டீயோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கடுத்த நாள் டீயும் இல்லை. தெருவில் போகிறவர்கள் தட்டை எட்டிப் பார்த்தார்கள். வடையைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. அரைத்த பருப்பு புளித்தது. ஹெலனுக்குப் புளியங்குடி கமிஷன் கடை ஞாபகம் வந்தது. நாளெல்லாம் எலுமிச்சை தரம் பிரித்து, நகக்கண் எரிய எரிய வீட்டுக்கு வந்து சோறு பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்த காலம். அந்த வேலையை விட்டுத்தான் அவள் இந்த அடுப்பை வைத்தாள். அடுப்பு அணைந்தால் மறுபடி அங்கேதான் போக வேண்டும்.

பக்கத்து மொபைல் கடைப் பையன் ஷாஜித் போனை நீட்டி, "அக்கா, இதுதான் சுத்துது" என்று வீடியோவைக் காட்டினான். அவன் குரல் சரியாக இல்லை. ஹெலன் புழுவைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் வடை வைத்துக் கொடுத்த கை அது. போனையும் ஷாஜித்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இது யாரு கை?"

"புழுவைப் பாருங்கேன், கையைப் பாக்கிய."

"மோதிரத்தைப் பாருங்க. நவரத்தினத்துல ஒரு கல்லு விழுந்து கெடக்கு."

அய்யாத்துரை போனைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். "ஏ ஹெலன், அப்ப இந்த வடைய நாந்தான் தின்னேனா?"

அவர் வெட்கப்படுவார் என்று ஹெலன் எதிர்பார்த்திருந்தாள். அவரோ பின்பக்கம் ஓடி வாய் கொப்பளித்தார்.

ஷாஜித் உண்மையைச் சொன்னான். புதிதாக ஒரு ஆப் வந்திருந்தது. அண்ணாச்சி வடையைச் சோதிப்பதை எடுத்து, தமாசுக்குப் புழு விட்டு ஸ்டேட்டஸில் போட்டானாம். யாரோ எடுத்து, யாரோ சிவப்பு எழுத்தைச் சேர்த்து, ஊரெல்லாம் சுற்றி அது அண்ணாச்சிக்கே வந்து சேர்ந்துவிட்டது. முதலில் எடுத்த வீடியோவையும் காட்டினான். அதே கை, அதே மோதிரம், அதே வடை. புழு இல்லை.

அய்யாத்துரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல எது ஒரிஜினல்?"

"புழு இல்லாததுதான் அண்ணாச்சி."

"நீ அப்படித்தாம்ல சொல்லுவ. புழுவ அழிக்கதுக்கும் ஒரு ஆப் இருக்கும்லா?"

"கொதிக்க எண்ணெயில முங்கி எந்திச்ச புழு இப்படி நெளியுமா அண்ணாச்சி?" என்றாள் ஹெலன்.

"இப்ப வார புழுவெல்லாம் அப்படித்தான் ஹெலன். மருந்துக்கே சாவ மாட்டேங்கு."

இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்தார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, வாயு என்று சொல்லி அனுப்பினார். ஷாஜித் மன்னிப்புக் கேட்டு ஸ்டேட்டஸ் போட்டான். அதை யாரும் சீந்தவில்லை. புழுவை நம்பியவர்கள் அண்ணாச்சி குரலைத்தான் நம்பியிருந்தார்கள்.

"நீங்க சொன்னாத்தான் கேப்பாக. இது என் கை, நான் தின்ன வடை, புழு பொய். அந்த ஒரு வார்த்தை போதும் அண்ணாச்சி" என்றாள் ஹெலன்.

"அதுக்கென்ன, சாயந்தரத்துக்குள்ள போட்டுருதேன்."

எத்தனையோ சாயந்தரம் போய்விட்டது. பேங்க்காரர்கள் டீக்குத் திரும்பியிருக்கிறார்கள். டியூஷன் சென்டர் திரும்பவில்லை. ஹெலன் பாதிப் பருப்புதான் ஊறப்போடுகிறாள். புளியங்குடி பஸ் போகும்போது அதன் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். குழுவுக்கு மட்டும் தினமும் புது வீடியோ போகிறது. நேற்று, காந்தத்தில் ஒட்டும் சீரகம்.

கஞ்சியை விட்ட நாளிலிருந்து அய்யாத்துரை வடைக்கு வராமல் இருந்ததில்லை. நேற்றும் வந்தார்.

"அண்ணாச்சி, அந்த வார்த்தை?"

"இந்தா, இப்பமே." போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மைக்கை அமுக்கினார். "அன்பு நண்பர்களே" என்றார். தொண்டையைச் செருமினார். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கட்டைவிரல் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது, பதிவு அழிந்தது. "சிக்னல் கெடைக்க மாட்டேங்கு" என்றார்.

ஹெலன் எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையை இலைத்துண்டில் வைத்து நீட்டினாள். அய்யாத்துரை வாங்கினார். யாராவது போனை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வடையைப் பிட்டு, ஒரு பாதியைப் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மோதிரம் கிடந்த விரலில் வளையமாக ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது.