விண்ணப்பத்துக்குக் கொடுத்த பேடா

நல்ல செய்தி என்றால், அது நடந்து முடியும்வரை பவுனின் வாயில் தங்காது. கணவர் சுப்பையாவுக்குத் தொழிற்சாலையில் பதவி உயர்வு என்று அவள் ஊரெல்லாம் சொல்லி ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் உத்தரவு வந்தது. சிஞ்ச்வட் ஃபிளாட்டுக்கு வங்கி கடன் தருமுன்பே பால் காய்ச்ச நாள் பார்த்தவள்.

மகள் அமலா ஜெர்மனியில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த அன்றே பவுன் தங்கள் அடுக்ககம் முழுக்கப் பேடா இனிப்பு கொடுத்தாள்.

அமலாவின் பாஸ்போர்ட் வரும் அக்டோபரில் காலாவதியாகும். புதுப்பிக்கக் கொடுத்தாள். பழையதில் கட்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் முகவரி, இப்போது சிஞ்ச்வட். ஆகவே போலீஸ் விசாரணை உண்டு. பல்கலைக்கழகமோ மாதக் கடைசிக்குள் புதிய பாஸ்போர்ட்டின் நகலைக் கேட்டிருந்தது.

போலீஸ்காரர் வந்தபோது பவுன் காய்கறி வாங்கப் போயிருந்தாள். அமலா நகரின் மறுகோடியில், ஹடப்சர் அலுவலகத்தில். பூட்டிய கதவைப் பார்த்த அவர் எதிர்வீட்டுக் கனகவல்லியிடம் விசாரித்தார். பிறகு அமலாவைப் போனில் பிடித்தார்.

பவுன் படியேறும்போது அமலா கூப்பிட்டாள். "அம்மா, நான் ஜெர்மனி போய் ஒரு மாசம் ஆச்சாம். கனகவல்லி ஆன்ட்டி சொன்னாங்களாம். நாளைக்கு அக்கம்பக்கத்துல ரெண்டு பேரோட போலீஸ் சௌகிக்கு வரலைன்னா, இந்த அட்ரஸ்ல ஆளே இல்லைன்னு எழுதிடுவாராம்."

பவுன் காய்கறிப் பையோடு எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

"எக்கா, என்ன இப்படிச் சொல்லிட்டிய?"

"நீதானே பவுனு சொன்னே? பொண்ணைக் கண்ணுலயே காணோமேன்னு கேட்டேன். ஜெர்மனிக்குப் போயாச்சுன்னே வச்சுக்கிடுங்கன்னு சொன்னே. வச்சுக்கிட்டேன்."

"அவ விடியுமுன்ன பஸ் பிடிச்சு ஆபீசுக்குல்லா போறா!"

"அப்ப காலேஜ் சீட்டு?"

பவுன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் வரலை. அப்ளிகேஷன்தான் போட்டிருக்கு."

"அப்ளிகேஷனுக்கா பேடா!" கனகவல்லி சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "சரி, வர்றேன். மாடி வீட்டு ஜோஷியையும் கூப்பிடு. அவர்கிட்டயும் இதையே சொல்லணும், பரவாயில்லையா?"

"சொல்லுதேன்."

சொன்னாள், மராத்தியில். மறுநாள் இருவரும் சௌகியில் கையெழுத்திட்டார்கள். ஜெர்மனியில் குளிர் எப்படி என்று போலீஸ்காரர் அமலாவைக் கேட்டார்.

இருபத்தாறாம் தேதி பாஸ்போர்ட் தபாலில் வந்தது. அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த அமலா தபால்காரரிடம் ஆதாரைக் காட்டி உறையை வாங்க, பவுன் பக்கத்தில் நின்றாள். எதிர்க்கதவு திறந்தது.

"என்ன பவுனு, கவரு?"

"கரண்ட் பில்லு, எக்கா."

"கரண்ட் பில்லுக்கு ஆதார் கேக்கறானா?"

பவுன் மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.