ஞானசேகரம் கூடுதலாக வாழ்ந்த இரண்டரை வருடம்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்க நின்றபோது மாலினியின் அழைப்பு வந்தது. ஞானசேகரத்தின் ஒரே மகள். ரொறொன்ரோவிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள். “அங்கிள், அப்பா போயிட்டார்” என்றாள். வெட்டச் சொன்ன மீனை வாங்காமலே கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், நீதிமன்றத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழ், சிங்கள மொழிபெயர்ப்பாளர்களாக நாங்கள் இருவரும் இருபது வருடத்துக்கு மேல் பக்கத்து மேசைகளில் இருந்தோம். “சாட்சி சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது” என்பார். சிகரெட்டைத் தொட்டறியாதவர். நுரையீரல் புற்றுநோய் மூளைக்கும் பரவியிருப்பதை ஸ்கேன் காட்டிய அன்று, மனைவியை முன்பே இழந்திருந்த அவரோடு நான்தான் போயிருந்தேன். எவ்வளவு காலம் என்று அவரே சிங்களத்தில் கேட்டார். டொக்டர் தயங்கிப் பதில் சொன்னார். ஞானசேகரம் என் பக்கம் திரும்பி, சாட்சிக் கூண்டருகே பேசும் அதே குரலில், “சில மாதங்கள் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டொக்டர் கூறுகிறார்” என்று தமிழில் சொன்னார். எனக்கும் சிங்களம் தெரியும் என்பதை அந்த நேரம் இருவருமே மறந்திருந்தோம்.

அடுத்த கிழமைகளில் வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் கையைப் பிடித்து, கண் கலங்கி விடைபெற்றார்கள். பிறகு தலைக்குக் கதிர்ச் சிகிச்சை, நாளுக்கொரு மருந்துக் குளிசை. கட்டிகள் சுருங்கின. மாதங்கள் போய் ஒரு வருடமும் கடந்தது. வருகிறவர்கள் குறைந்தார்கள். “பிரியாவிடைதான் முடிஞ்சுதே. திரும்பி வந்து என்னத்தைக் கதைக்கிறது?” என்று சிரித்தார். கிழமைக்கொரு தரம் போன நானும் மாதத்துக்கொரு தரம் என்று ஆக்கிக்கொண்டேன்.

நான் கூடப் போன ஒரு நாள், கிளினிக்கில் கொச்சிக்கடைப் பெண்ணொருத்தி டொக்டரின் சிங்களம் விளங்காமல் தவித்தாள். அவள் கணவனுக்கும் இதே நோய், இதே பரவல். ஞானசேகரம் எழுந்துபோய் மொழிபெயர்த்தார். வெளியே வந்ததும், “ஐயா, மறைக்காம சொல்லுங்க, எத்தனை நாளைக்கு?” என்று அழுதாள். டொக்டர் சொன்னதையே ஞானசேகரம் திரும்பச் சொன்னார். பிறகு, நான் அறிய முதல் தடவையாக, தன் பங்குக்கு ஒன்றைக் கூட்டினார்.

“எனக்கும் அதுதான் தங்கச்சி. இரண்டாவது வருசம் நடக்குது. உங்கட ஆளுக்கும் அப்பிடி வரும் எண்டு நான் சொல்லேல்லை. இப்பிடியும் ஒருத்தன் இருக்கிறான் எண்டு மட்டும் பாருங்கோ.”

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவனுக்குத் தேநீர் வாங்கப் போனாள்.

மூன்றாம் வருடம் பாதியை எட்டும் முன்னே மருந்து கைவிட்டது. முதலில் அவருடைய சிங்களம் போனது. பிறகு தமிழும் சொல் சொல்லாகக் கழன்றது. கடைசியாக நான் போன பின்னேரம் ஏதோ கேட்க முயன்றார். “தண்ணியோ? மாலினியைக் கேக்கிறீரோ?” நான் எடுத்துக்கொடுத்த சொற்களையெல்லாம் கையசைத்துத் தள்ளினார். நெடுநேரத்தின் பின், “நீர்... அங்க... தனியவோ?” என்றார்.

என் மனைவி லண்டனில் மகனோடு போய்த் தங்கி ஒன்றரை வருடம்; வீட்டில் நான் மட்டும். ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

“ஓம்” என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். பொழுதுபடும்வரை அதில் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த இடம்தான்.