பட்டியலின் முதல் வரி

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நான் பணியாற்றிய காலம். ஏற்றுமதிப் பெட்டிகளின் பட்டியலை வெளிநாட்டு வாடிக்கையாளரின் சேவையகத்துக்கு அனுப்பும் நிரல் நான் எழுதியது. அங்கிருந்து ஒப்புதல் எண் வந்த பின்னரே லாரி தூத்துக்குடிக்குப் புறப்படலாம்.

அதுவரை பட்டியலை ஆங்கிலத்தில் நானே தட்டச்சு செய்து வந்தேன். அன்று முதன்முறையாகப் பேக்கிங் பிரிவின் பொறுப்பாளர் அதைச் செய்தார். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து, துணி மடிக்கும் வேலையில் தொடங்கி உயர்ந்த பெண்மணி. இந்தப் பொறுப்பை முதலாளியிடம் தாமே கேட்டு வாங்கியிருந்தார்.

நண்பகலில் அனுப்பினோம். தரவு முழுமையாக இல்லை என்று மறுமொழி வந்தது. மீண்டும் அனுப்பியும் அதே மறுமொழி. என்னுடைய பழைய பட்டியல் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினேன்; தடையின்றிச் சென்றது. எனவே பிழை அவருடைய பட்டியலில்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"அப்படீங்களா? அப்ப நாளையிலிருந்து பழையபடி நீங்களே அடிச்சுப்போடுங்க," என்றார் முதலாளி. "லாரிக்காரரு மூணு டீ குடிச்சுட்டாருங்க. இன்னொண்ணு குடிச்சாருன்னா வண்டிய நாமதான் ஓட்டிட்டுப் போவோணும்."

அருகில் நின்ற அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

"நாலு தடவ எண்ணிட்டேன் சார். எங்க தப்புன்னு காட்டுங்க, ஒத்துக்கிடுதேன்."

காட்ட என்னால் இயலவில்லை. பட்டியலை இரண்டாகப் பிரித்துச் சோதித்தேன். கீழ்ப்பாதி சென்றது, மேற்பாதி நின்றது. மேற்பாதியை மறுபடி பிரித்தேன். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்ததில் எஞ்சியது தலைப்பு வரி மட்டுமே. அதன் தொடக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"மொத மொதல்ல அடிக்கேன். அது போடாம எப்படி சார் ஆரம்பிக்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வரவிருக்கும் தரவின் நீளத்தை நிரல் முன்கூட்டியே சேவையகத்துக்கு அறிவிக்கவேண்டும். நான் எழுத்துகளை எண்ணி அறிவித்திருந்தேன். கணினிக்குள் ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். பிள்ளையார் சுழியாகிய தமிழ் உகரத்துக்கு மூன்று இடங்கள் தேவை. அறிவித்த அளவோடு சேவையகம் வாசிப்பை நிறுத்திக்கொள்ள, பட்டியலை மூடும் கடைசி இரண்டு அடைப்புக்குறிகள் அதற்குக் கிட்டாமலே போயின. தமிழில் ஓர் எழுத்தேனும் வரக்கூடும் என்று எண்ணாமல் நிரல் எழுதியவன் நான்.

சுழியை அழித்தால் அக்கணமே சென்றிருக்கும். அழிக்க மனம் வரவில்லை. எழுத்துகளுக்குப் பதிலாக இடங்களை எண்ணுமாறு நிரலில் ஒரு வரியைத் திருத்தி அனுப்பினேன். ஒப்புதல் எண் வந்தது, லாரி புறப்பட்டது.

முதலாளியிடம் சென்று, அந்தப் பெண்மணியின் முன்னிலையிலேயே சொன்னேன்: "இவங்க பட்டியல்ல தப்பே இல்லீங்க. நான் எழுதுனதுலதான் தப்பு."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நாளைக்கு ஆருங்க அடிக்கிறது?"

"இவங்கதாங்க."

நாங்கள் மேசைக்குத் திரும்பினோம். "அடுத்த தடவ மொதலாளிட்ட போறதுக்கு முந்தி, எங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க சார்," என்றார் அவர். குரலில் சினமில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் பட்டியலைத் திறந்தார்.