கோபுர உச்சியில் அடித்த ஆணி

ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட்டால் ரோஸ்விதா கெசினின் வேலை போய்விடும். முப்பது வருடம் போராடி அவள் ஊருக்கு இலவசமாகத் திறந்துவிட்ட படங்களும் மறுபடி அலமாரிக்குள் போய்விடும். காகிதம் மூன்று நாளாக என் தங்கை வீட்டுச் சமையலறை மேஜையில் கிடக்கிறது. போட வேண்டியவள் நான், எல்கே ஸ்டூவே. அவள் செய்த தப்பில் செத்தவன் என் புருஷன் லோட்டார். நான் கையெழுத்துப் போட்டால் ஊரில் ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அதற்கு முன்னால் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

பள்ளியில் ரோஸ்விதா எனக்கு ஒரு வகுப்பு மேலே. ஒல்லிக்குச்சி, தடிக் கண்ணாடி, யாரோடும் ஒட்டாத பிள்ளை. எங்கள் ஊரில் ரயில் பட்டறை இருந்ததால் இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் வானத்திலிருந்து குண்டாகக் கொட்டினார்கள். வெடித்தவை வெடித்தன. வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன, திரி உள்ளேயே அரித்துக்கொண்டு. வருடத்துக்கு நாலு முறையாவது ஒன்று அகப்படும், ஒலிபெருக்கி வண்டி வரும். வாசலில் தயாராக வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு பள்ளி விளையாட்டுக் கூடத்துக்குப் போவோம், பட்டாணி சூப் குடிப்போம், குண்டை எடுத்த பிறகு திரும்புவோம். என் பையில் மாத்திரை, செருப்பு, குறுக்கெழுத்துப் புத்தகம். லோட்டார் பையில் சீட்டுக்கட்டு மட்டும்தான். "வீடு போனா போகட்டும், ஆட்டம் நிக்கக் கூடாது" என்பான்.

ரோஸ்விதாவுக்கு இருந்த ஒரே தோழி கார்லா. கார்லாவின் அப்பா சாலை போடும் உருளை வண்டி ஓட்டுபவர். எழுபத்து நாலில், கால்வாய்க்கரைச் சாலையில், அடியில் கிடந்த குண்டு வெடித்து வண்டியோடு போய்விட்டார். சவப்பெட்டியில் என்ன வைத்தார்கள் என்று கார்லாவிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகு ரோஸ்விதா நில அளவை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாட்டைப் பிரித்த சுவர் விழுந்தபின் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகப் பழைய வான்படங்கள் வந்தன. குண்டு போட்டவர்களே மறுநாள் வந்து, எவ்வளவு அழிந்தது என்று பார்க்க மேலேயிருந்து எடுத்த படங்கள். அவற்றில் கால்வாய்க்கரையும் இருந்தது. பெரிய பெரிய குழிகளுக்கு நடுவே மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. குண்டு வெடிக்காமல் உள்ளே இறங்கிய துளை.

அதைப் பார்த்த மறுநாள் ரொட்டிக் கடை வரிசையில் ரோஸ்விதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கார்லா அப்பா சாகறப்போ இந்தப் படம் இருந்திருக்கு எல்கே. ஏதோ ஒரு அலமாரில இருந்திருக்கு. இப்ப எங்க அலமாரில இருக்கு. எழுதிக் கேட்டு ஒம்போது மாசம் காத்திருந்தாத்தான் காட்டுவோமாம்."

"அதுக்கு ஏன்டி என் கையை நசுக்கறே?" என்றேன். எனக்கு அப்போது ரொட்டி தீர்ந்துவிடுமோ என்பதுதான் கவலை.

அதிலிருந்து அவளுக்கு ஒரே பித்து. கல்யாணம் இல்லை, ஊர்ப்பயணம் இல்லை. எந்த மேலதிகாரி வந்தாலும் அவர் வாசலில் போய் நிற்பாள்: "இது ஊர்க்காரங்க காலடி. அவங்க பாக்கறதுக்கு நாம யாரு பூட்டுப் போட?" போட்ட விண்ணப்பத்துக்கு எல்லாம் ஒரே பதில், முடியாது. கடைசியில் மேலிடத்திலேயே மனசு மாறி, பழைய படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார்கள். அப்புறம்தான் உண்மையான வேலை. பழைய படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் சரியாகப் பொருத்த வேண்டும். அன்றும் இன்றும் அசையாமல் அதே இடத்தில் இருப்பதைத் தேடி, இரண்டிலும் புள்ளி வைத்து இணைக்க வேண்டும். பாலத்தின் மூலை, மதகு, தண்டவாளம் பிரியும் இடம். அதை அவள் ஆணி அடிப்பது என்பாள். ஒன்பது வருடம் அடித்தாள், மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். அலுவலகம் அவளுக்கு ஒரு உதவி ஆளைக்கூடத் தரவில்லை.

போன வருடம் எல்லாவற்றையும் இணையத்தில் திறந்துவிட்டார்கள். தீயணைப்பு நிலையக் கூடத்தில் அவள் விளக்கம் சொன்னாள். கூட்டம் நிரம்பி வழிந்தது. "திரையில விரலை வெச்சு இழுங்க. பழைய படம் மங்கி, இன்னைக்கு இருக்கற உங்க வீடு தெரியும். புள்ளி தெரிஞ்சா எங்களுக்குச் சொல்லுங்க. நீங்களா தோண்டாதீங்க." இதை மூன்று முறை சொன்னாள். நான் எண்ணினேன்.

லோட்டார் காதில் ஏறினால்தானே! ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், வீட்டில் சும்மா இருக்க முடியாதவன். தோட்டத்தில் கெண்டை மீன் வளர்க்கக் குளம் வேண்டும் என்று இரண்டு வருடமாக நச்சரித்தான். தோண்ட அனுமதி கேட்டால் ஒன்பது மாதம். வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து எங்கள் தெருவைத் தேடினான். அந்தக் காலத்தில் எங்கள் தெருவே கிடையாது. ஒரு வயல், மூன்று மரம், ஒரு கறுப்புப் புள்ளி. விரலால் இழுத்தான். வயல் மங்கியது, எங்கள் கூரை வந்தது. புள்ளி நடுத் தெருவில் நின்றது.

"பாத்தியா? தெருவுல. தொண்ணூத்தாறுல சாக்கடைக் குழாய்க்கு அந்தத் தெருவையே பொளந்து போட்டாங்க. ஒண்ணும் கெடைக்கலை. ஏதோ வைக்கோல் போராயிருக்கும்."

"கேட்டுட்டுத் தோண்டேன்யா" என்றேன்.

"எல்கே, நீயே பாரு. உன் கண்ணால பாரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். புள்ளியின்மேல் விரலை வைத்தேன். தெருவேதான். தோட்டத்துக்குப் பதினாறு மீட்டர் தள்ளி.

"சரி, தோண்டித் தொலை. ரோஜாச் செடில மட்டும் கை வெச்சே, கொன்னுடுவேன்" என்றேன்.

அதுதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ பேசினோம். ஆனால் எனக்கு அது மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

ஏப்ரல் கடைசி, சனிக்கிழமை காலை. சின்னத் தோண்டு எந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தான். நான் தெருப்பக்க அறையில் உட்கார்ந்து மதியத்துக்கு அஸ்பாரகஸ் தண்டுகளைத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். அந்த அறை மட்டும்தான் மிஞ்சியது. நானும் மிஞ்சினேன். வாசலில் மாட்டியிருந்த இரண்டு பைகளும் அப்படியே தொங்கின.

அடக்கம் முடிந்து நான்காம் நாள், தங்கை வீட்டில் இருந்தேன். ரோஸ்விதா வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"எல்கே, நான்தான். கோபுரத்தோட உச்சில ஆணி அடிச்சுட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் அங்கேயே நின்று சொன்னாள். விமானம் நேர் மேலே இல்லாமல் தள்ளிப் பறந்திருந்தால், படத்தில் உயரமானவை எல்லாம் சாய்ந்து தெரியும். தேவாலயக் கோபுரத்தின் அடி ஓரிடத்தில் இருக்கும், உச்சி முப்பது நாற்பது மீட்டர் தள்ளிக் கிடக்கும். ஆணியை அடியில்தான் அடிக்க வேண்டும். அந்தப் படங்களில் அடி புகையில் மூடியிருந்தது, உச்சி பளிச்சென்று தெரிந்தது. எங்கள் ஊரில் வழி சொல்வதென்றாலே கோபுரத்திலிருந்துதான் ஆரம்பிப்போம். சுற்றிலும் எல்லாம் இடிந்து கிடக்க, நின்றது அது ஒன்றுதான். வெளியூர்க்காரியாக இருந்தால் தண்டவாளத்தைத் தேடியிருப்பாள். இவள் எங்கள் ஊர்க்காரி, கோபுரத்தைப் பிடித்தாள். அந்த ஒரு ஆணி படத்தையே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"வேணும்னு செய்யலைன்னு சொல்ல வந்தியா?"

"இல்ல. எனக்கு அது தெரியும், தெரிஞ்சும் அவசரத்துல அடிச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கதவை அவள் முகத்தில் அறைந்து சாத்தினேன்.

அவள் அலுவலகத்திலும் போய் இதையேதான் சொல்லியிருக்கிறாள். அவளைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். போன வாரம் மேலதிகாரி டாக்டர் ஹெல்ட் பூங்கொத்தும் காகிதமுமாக வந்தார். குரல் தேனாக ஒழுகியது.

"நீங்க புகார்ல கையெழுத்துப் போட்டாப் போதும், திருமதி ஸ்டூவே. அந்தம்மாவை வேலைய விட்டு எடுத்துடலாம். படங்களையும் மொத்தமா மூடிடலாம். இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் ஜனங்க கையில குடுக்கக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

"தப்பான படம் இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.

"மூடிட்டா அந்தக் கேள்வியே வராதே."

"ஏற்கெனவே எடுத்து வெச்சிருக்கறவங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் போனபின் மூன்று நாள் பேனாவை எடுத்தேன், வைத்தேன். நேற்று ராத்திரி இதை இவ்வளவு தூரம் சொல்லி முடித்ததும் ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. இந்த ஊரில் இன்னும் எத்தனை லோட்டார்கள் கணினியில் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறார்களோ! எத்தனை பொண்டாட்டிகள் விரலை வைத்துப் பார்த்து, சரி தோண்டு என்று சொல்லியிருக்கிறார்களோ!

இன்று காலை காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ரோஸ்விதாவின் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தவள் ஆளே பாதியாகியிருந்தாள்.

"எல்கே... என்னை மன்னிச்சு..."

"மன்னிக்கலை. மன்னிக்கிற உத்தேசமும் இல்ல. கோபுர உச்சில எத்தனை படத்துல அடிச்சிருக்கே?"

"நாப்பத்தொண்ணு."

"திருத்தினியா?"

"அலுவலகத்துக்குள்ளயே விட மாட்டேங்கறாங்க."

"ஏன்டி, ஊருக்கே இலவசம்னு தீயணைப்பு நிலையத்துல நின்னு கத்தினியே, உனக்கு மட்டும் இலவசம் இல்லையா? உன் கணினில எடு. திருத்து. திருத்தினதை இணையத்துல போட்டு, எந்தப் படம், எவ்வளவு தப்பு, யார் தப்புன்னு உன் பேரோட எழுது. எந்தெந்தத் தெருன்னு சொல்லு, நான் வீடு வீடாப் போன் பண்றேன். என் குரலைக் கேட்டா எவனும் போனை வைக்க மாட்டான்."

நான் காகிதத்தை எடுத்து அவள் மேஜையில் வைத்தேன். "இது உன்கிட்டயே இருக்கட்டும். ஒரு படத்தை விட்டே, அன்னிக்குப் போடறேன் கையெழுத்து. உக்காரு. எங்க தெருவை முதல்ல எடு."

உட்கார்ந்தாள். கோபுர உச்சியில் இருந்த ஆணியைப் பிடுங்கினாள். தண்டவாளம் பிரியும் இடத்தில் ஒன்று, மதகின் மூலையில் ஒன்று என்று புதிதாக அடித்தாள். ஏதோ ஒன்றை அழுத்தினாள்.

படம் மெதுவாக நகர்ந்தது. நான் விரல் வைத்துப் பார்த்த தெருவிலிருந்து புள்ளி கிளம்பி, நடைபாதையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எங்கள் தோட்டத்துக்குள் வந்தது. ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நின்றது. அவன் செடியைத் தொடவே இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான்.

ரோஸ்விதா அழ ஆரம்பித்தாள். அவளோடு சேர்ந்து அழ எனக்கு இஷ்டமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்து மடியில் வைத்தேன்.

"அடுத்தது எந்தத் தெரு?" என்றேன்.